மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற தண்ணீர்

அந்த சைட்டில் நான் சேர்ந்தபோது என் வேலைக்கு என்ன பெயர் வைப்பதென்று ஆபீசில் யாருக்கும் தெரியவில்லை. தூண், பீம், கான்கிரீட் எல்லாம் பார்க்க வேறு இன்ஜினியர்கள் இருந்தார்கள். மழைத் தண்ணீர் சைட்டுக்குள் எப்படி வருகிறது, எப்படி வெளியே போகிறது, போகிற போக்கில் மண்ணை அள்ளிக்கொண்டு பக்கத்து ஏரியில் கொட்டுகிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. வாட்ச்மேன் என்னை ‘ஏரி மேடம்’ என்று சொல்லத் தொடங்கினார். கொஞ்ச நாளில் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

எனக்கு ஊரப்பாக்கத்தில் வீடு. காலையில் மின்சார ரயிலில் தாம்பரம், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் செம்பாக்கம் பக்கம். மெயின் ரோட்டில் இறங்கி ஒரு தெருவைக் கடந்தால் சைட் வந்துவிடும். தெரு கொஞ்சம் மேட்டில் இருந்தது. சைட் அதற்குக் கீழே, சைட்டுக்கும் கீழே ஒரு சின்ன ஏரி. எல்லோருக்கும் தெரிந்த பெரிய ஏரி வேறு. இது அதிலிருந்து தள்ளி, பெயர்ப்பலகைகூட இல்லாமல் கிடந்தது. எங்கள் பக்கத்துக் கரை முழுக்கச் சம்பங்கோரை ஆள் உயரத்துக்கு வளர்ந்து, கால் வைத்தால் புதைகிற ஈரநிலமாக இருந்தது. தாழைக்கோழிகள் அதற்குள்ளிருந்து எட்டி எங்கள் லாரிகளைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போய்விடும்.

கட்டிக்கொண்டிருந்தது அடுக்குமாடிக் குடியிருப்பு. கார் நிறுத்தப் பூமிக்கு அடியில் ஒரு தளம் வேண்டும் என்பதால் பெரிய பள்ளம் தோண்டியிருந்தோம். தோண்டிய செம்மண் ஒரு பக்கம் குன்று போலக் குவிந்து கிடந்தது. ஏரிக்கு அது பக்கத்திலேயே இருந்ததுதான் எனக்குக் கவலை. அதனால் சைட்டின் தாழ்ந்த மூலையில் ஒரு குட்டை வெட்டச் சொன்னேன். சைட்டில் விழுகிற மழை எல்லாம் முதலில் அங்கே வந்து தேங்க வேண்டும். மண் அடியில் படிந்த பிறகு, மேலே தெளிந்த தண்ணீர் ஜல்லிக் குவியலையும் தென்னை நார்ப் பாயையும் தாண்டி, மெதுவாக ஏரிக்குப் போக வேண்டும்.

எங்கள் மேனேஜருக்கு அந்தக் குட்டை பிடிக்கவில்லை. கெட்ட மனிதர் இல்லை. ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தவர். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். சைட்டில் ஒரு காதில் கம்பி லாரி வரவில்லை என்ற புகார், இன்னொரு காதில் மண்டபக்காரர். கம்பி வைக்க இடமில்லாதபோதெல்லாம் அவர் பார்வை குட்டைப் பக்கம் போகும்.

“மேடம், இதை மூடிட்டா ரெண்டு லாரி கம்பி இறக்கலாம்.”

“மழை முடியட்டும் சார்.”

“மழை எங்க மேடம் வருது? வானத்தைப் பாருங்க.”

ஐப்பசி பிறந்தும் வானம் அப்படித்தான் இருந்தது. அவர் சொல்வதில் நியாயம் இருப்பது போலவே தோன்றும். நான் மட்டும் தினமும் குட்டையின் கரையை ஒரு சுற்று சுற்றி வருவேன்.

அந்த நாட்களில்தான் மேட்டுத் தெருவிலிருந்து ஓர் அம்மா சைட்டுக்கு வந்தார். தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் சின்னவர் பெரியவர் எல்லோரும் ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பருத்திப் புடவை, கழுத்தில் சின்னச் சிலுவை, குரலில் வார்டில் இருந்த அதட்டல் இன்னும் மிச்சம் இருந்தது.

“இங்க தண்ணி விஷயம் பார்க்கிறது நீயாம்மா?”

“ஆமாம் சிஸ்டர்.”

“இந்த மதிலை நீ பார்த்தியா?”

பார்த்திருக்கிறேன். தெருவுக்கும் சைட்டுக்கும் நடுவே ஆள் உயரத்துக்கு மேல் ஹாலோ பிளாக்கில் எழுப்பிய மதில். நான் சேர்வதற்கு முன்பே கட்டியது.

“நாங்க குடிவந்த நாளிலிருந்து இந்த இடம் காலி மனை. தெருத் தண்ணி இப்படியே இறங்கி ஏரிக்குப் போயிடும். நாங்க யாரும் அதை ஒரு விஷயமாவே நினைச்சதில்ல. இப்ப எங்க போகும்?”

ரோட்டோரம் புதிதாக மழைநீர் வடிகால் கட்டுகிறார்கள், தெருத் தண்ணீர் அதில் சேர்ந்துவிடும், எங்கள் பிளானிலேயே அப்படித்தான் காட்டியிருக்கிறது என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்குச் சங்கடமாக இருந்தது. அந்த வடிகாலை அன்று காலையில்தான் கடந்து வந்திருந்தேன். பாதி தூரம் சிமென்ட் பெட்டி போல நின்றது. மீதி வெறும் பள்ளம், மேலே ஒரு பலகை, பக்கத்தில் சாய்ந்து கிடக்கும் தடுப்பு. ஏரியோடு இன்னும் இணைக்கவில்லை.

சிஸ்டர் என் முகத்தைப் பார்த்தார். “என் வீட்டுக்காரர் படுத்த படுக்கை. பக்கவாதம். கட்டிலை விட்டு நகர்த்த ரெண்டு ஆள் வேணும். நீ பார்த்துக்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேனேஜரிடம் சொன்னேன். அவர் வடிகால் வேலை எடுத்தவர்களுக்குப் போன் செய்தார். மழைக்கு முன் முடித்துவிடுவோம் என்றார்கள். நானும் நேரில் போய்ப் பார்த்தேன். அங்கே இருந்த மேஸ்திரி ஆள் பற்றவில்லை என்றார். பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை. அதற்குமேல் நான் என்ன செய்திருக்க முடியும் என்று யோசித்திருக்கிறேன். சைட்டின் வடக்கு ஓரமாக, லாரி போகும் பாதையில், தெருத் தண்ணீருக்கு ஒரு வழி விடலாம் என்று ஒரு வரைபடம் போட்டு ஹெட் ஆபீசுக்கு அனுப்பினேன். பதில் வருவதற்குள் மழை வந்துவிட்டது.

வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று டிவியில் சொன்னார்கள். முதல் நாள் சாதாரணமாகத்தான் பெய்தது. அடுத்த நாள் விடியும்போது ஊரப்பாக்கத்தில் எங்கள் வாசலிலேயே கணுக்கால் அளவு தண்ணீர். “இன்னிக்குப் போகணுமா?” என்று கணவர் கேட்டார். போகவில்லை என்றால் வீட்டில் உட்கார்ந்து அந்த மதிலையேதான் நினைத்துக்கொண்டிருப்பேன் என்று தெரிந்தது. ரயில் ஊர்ந்து ஊர்ந்து போனது. தாம்பரத்தில் ஷேர் ஆட்டோ எதுவும் இல்லை. ஒரு பால் வண்டிக்காரர் இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டார்.

தெருமுனையில் இறங்கிப் பார்த்தேன். தெரு மூழ்கியிருந்தது. முழங்காலுக்கு மேல், சில இடத்தில் தொடை வரை. மதிலின் தெருப் பக்கம் தண்ணீர் அணை நீர் போல நின்றது. செருப்புகள், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, சமையல் குப்பை எல்லாம் மதிலை ஒட்டி மிதந்தன. ஜனங்கள் மதிலோரம் கூடியிருந்தார்கள். சிலர் கையில் கடப்பாரை இருந்தது.

சிஸ்டரின் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். கட்டிலின் நான்கு கால்களுக்கும் கீழே செங்கல் அடுக்கி உயர்த்தியிருந்தார்கள். அவர் கணவர் மல்லாந்து படுத்து, கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் செங்கல்லைத் தாண்டிக் கட்டில் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. சிஸ்டர் ஒரு பாலிதீன் பையில் மாத்திரைகளைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“வந்துட்டியா” என்றார். கோபம் இல்லாத அந்தக் குரல்தான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

“ஆம்புலன்ஸ்?”

“சொல்லியிருக்கு. மெயின் ரோட்லயே நிக்குதாம். உள்ளே வர முடியலயாம்.”

நான் சுற்றிக்கொண்டு சைட் கேட்டுக்கு ஓடினேன். கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் என்னை மட்டும் உள்ளே விட்டு மறுபடி பூட்டினார். மேனேஜர் உள்ளே, மழைக்கோட்டு போட்டு, மதிலின் இந்தப் பக்கம் நின்றிருந்தார். அவரும் இரவு முழுக்கத் தூங்கவில்லை என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. ஜே.சி.பி. ஓட்டுகிற அண்ணன் மட்டும் அவரோடு இருந்தார். அவர் இந்த ஊர்க்காரர். ஒரு காலத்தில் இங்கே வயல் வைத்திருந்த குடும்பம். இப்போது கடை, வாடகை வீடு என்று இருக்கிறார்கள். இவருக்கு மட்டும் வண்டி ஓட்டுவதில்தான் விருப்பம்.

“இன்னா மேடம், நீந்திக்கினு வந்தீங்களா?” என்றார் அவர். எங்களில் யாராலும் சிரிக்க முடியவில்லை.

“சார், மதிலைத் திறந்தே ஆகணும்.”

“தெரியும் மேடம். ஆனா எங்க திறக்கிறது?” மேனேஜர் கையை நீட்டிக் காட்டினார். “அவங்க கடப்பாரையோட நிக்கிற இடம் நடு மதில். அங்க உடைஞ்சா தண்ணி மொத்தமும் நேரா பள்ளத்துல விழும். பள்ளத்தோட தெற்குக் கரை வெறும் மண். அது சரிஞ்சா பக்கத்து வீடு நிக்குமா? கீழே நம்ம ஆளுங்க ஷெட்ல குழந்தை குட்டியோட இருக்காங்க. அவங்க எங்க போவாங்க? அதான் கேட்டைப் பூட்டினேன். என்னை வில்லன் மாதிரி பார்க்கிறாங்க.”

அவர் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் கத்தியதும் உண்மை. எனக்குத் திடீரென்று மனம் அமைதியானது. கோபப்பட யாரும் இல்லை என்று தெரிந்தால் வேலையைப் பற்றி யோசிக்க முடிகிறது.

“வடக்கு மூலையில வெட்டலாம் சார். லாரிப் பாதை இருக்கு. பள்ளத்தோட அந்தப் பக்கம் இரும்புத் தகடு இறக்கியிருக்கோம், சரியாது. பள்ளத்து ஓரமா மணல் மூட்டை அடுக்கிட்டா தண்ணி உள்ளே விழாது. பாதையிலேயே ஓடிக் குட்டைக்குப் போயிடும்.”

“அந்த வேகத்துல பாதையோட மண்ணு மொத்தமும் அடிச்சுக்கிட்டு ஏரிக்குப் போயிடுமே. அதுக்குத்தானே நீங்க இவ்வளவு நாள் சண்டை போட்டீங்க?”

“தரையில தார்ப்பாய் விரிச்சிடுவோம். சென்ட்ரிங் பலகையும் கிடக்கு. தண்ணி மண்ணைத் தொடக்கூடாது, அவ்வளவுதான்.”

அவர் ஹெட் ஆபீசுக்குப் போன் போட்டார். லைன் கிடைத்தது. பேசிவிட்டு வந்தார். “கொஞ்சம் வெயிட் பண்ணச் சொல்றாங்க. யாரையோ கேட்டுச் சொல்றாங்களாம்.” மதிலின் அந்தப் பக்கம் முதல் கடப்பாரை அடி விழுந்தது. மேனேஜர் போனைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார், பிறகு போனைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டார்.

“மேடம், ஷெட்ல இருக்கிறவங்களை மாடல் ஃபிளாட்டுக்கு ஏத்துங்க. சாவி இந்தாங்க. அப்புறம் மூட்டை அடுக்க ஆரம்பிங்க.”

மாடல் ஃபிளாட் என்பது வீடு வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகத் தனியாக, உயரமான மேடையில் கட்டி வைத்த வீடு. வெள்ளை சோபா, கண்ணாடிக் கிண்ணத்தில் பிளாஸ்டிக் ஆப்பிள். செருப்போடு உள்ளே போனால் மேனேஜர் திட்டுவார். அன்று ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்கள் அடுப்பும் பாத்திரமும் சேறுமாக அந்த வீட்டுக்குள் ஏறின. ஒரு பெண் குழந்தையை சோபாவில் கிடத்தத் தயங்கி என்னைப் பார்த்தாள். கிடத்து என்று கையைக் காட்டினேன்.

அதற்குள் கடப்பாரைச் சத்தம் கூடிவிட்டது. நான் ஏணி போட்டு மதிலின் மேல் ஏறி எட்டிப் பார்த்தேன். அத்தனை முகங்களும் என்னை நோக்கித் திரும்பின.

“இங்க உடைக்காதீங்க. வடக்கு மூலையில நாங்களே வெட்டறோம். மூட்டை அடுக்கின உடனே வெட்டறோம்.”

“எத்தனை தடவைம்மா சொல்லுவீங்க?” என்றார் ஒருவர். “போன வாரமும் வடிகால் வரும்னீங்க.”

கூட்டத்தின் பின்னாலிருந்து சிஸ்டரின் குரல் கேட்டது. தண்ணீரை விலக்கிக்கொண்டு வந்து மதிலருகே நின்றார்.

“மூட்டை அடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?”

“எங்க ஆளுங்க மட்டும்னா மதியம் ஆயிடும் சிஸ்டர்.”

“இவங்களும் வந்தா?”

நான் யோசித்தேன். “சீக்கிரம் முடிச்சிடலாம்.”

சிஸ்டர் திரும்பிக் கடப்பாரை வைத்திருந்தவர்களைப் பார்த்தார். “உடைக்க வந்த கை மூட்டை தூக்காதா? அதைக் கீழே போடுங்க. அந்தப் பக்கம் வாங்க.” வார்டில் பார்வையாளர்களை வெளியே அனுப்பும் தொனியில் சொன்னார். அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். மேனேஜர் தன் கையாலேயே கேட்டைத் திறந்தார்.

அதன் பிறகு நடந்ததை இப்போது நினைத்தால் எனக்கு முகங்கள் தனித்தனியாக ஞாபகம் வருவதில்லை, கைகள்தான் ஞாபகம் வருகின்றன. எம் சாண்ட் மணலைச் சிமென்ட் சாக்கில் அள்ளிப் போடுகிற கை, சணல் கட்டுகிற கை, அடுத்த ஆளுக்குத் தூக்கித் தருகிற கை. பள்ளத்தின் ஓரமாக மூட்டை வரிசை உயர்ந்துகொண்டே போனது. தெருக்காரர்களுக்கு ஹிந்தி தெரியாது, எங்கள் ஆட்களுக்குத் தமிழ் அரைகுறை. மூட்டை கை மாறப் பேச்சு தேவைப்படவில்லை.

தார்ப்பாய் பாதி தூரத்துக்குத்தான் வந்தது. சென்ட்ரிங் பலகைகளைப் போட்டும் நடுவில் வெறும் மண் தெரிந்தது. தெருவிலிருந்து ஒருவர் வீட்டுக்கு ஓடி ஒரு ஃபிளெக்ஸ் பேனரைக் கொண்டுவந்தார். அவர் பேத்தியின் காதணி விழா பேனர். அதைப் பார்த்து இன்னொருவர் பூப்புனித நீராட்டு விழா கொண்டுவந்தார். பிறகு ஒரு கண்ணீர் அஞ்சலி வந்தது. அதை விரிக்க எல்லோரும் தயங்கினார்கள். “எங்க மாமாதான், அவர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு, விரிங்க” என்றார் கொண்டுவந்தவர். முகத்தை மண் பக்கம் திருப்பி விரித்தோம்.

அப்போதும் குட்டைக்குச் சற்று முன்னால் ஓர் இடைவெளி இருந்தது. மேனேஜர் மேலே நிமிர்ந்து பார்த்தார். ரோட்டைப் பார்த்தபடி எங்கள் கம்பெனி வைத்திருந்த பெரிய விளம்பரம், ஏரியும் வீடும் புல்தரையும் வரைந்தது, காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

“அதை இறக்குங்கப்பா” என்றார்.

ஒருவர் ஏறி அறுத்து இறக்கினார். அது சரியாகப் போதுமானதாக இருந்தது.

ஜே.சி.பி. அண்ணன் வண்டியை வடக்கு மூலைக்குக் கொண்டுபோனார். வண்டிக்கு முன் யாரும் இருக்கக்கூடாது என்று எல்லோரையும் மூட்டை வரிசைக்குப் பின்னால் நிறுத்தினேன். மதிலை ஒரேயடியாக இடித்தால் வெள்ளம் பாய்ந்துவிடும். அதனால் மேலிருந்து ஒவ்வொரு வரியாக எடுக்கச் சொன்னேன். அவர் பக்கெட்டின் பல்லால், தோசையைத் திருப்புகிறவர் போல, ஒவ்வொரு கல்லாகத் தட்டி எடுத்தார். தண்ணீர் முதலில் விளிம்பில் வழிந்தது. பிறகு கனமாக, கறுப்பாக, குப்பையோடு இறங்கிப் பேனர்களின் மேல் ஓடியது.

“போவுது மேடம், போவுது” என்றார் அவர் வண்டியிலிருந்து.

நடுவில் ஓரிடத்தில் மூட்டைகள் சரிந்தன. தண்ணீர் பள்ளத்துக்குள் கொட்டத் தொடங்கியது. யாரும் சொல்லாமலே ஏழெட்டுப் பேர் மூட்டைகளுக்குப் பின்னால் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தார்கள். மேனேஜரும் அதில் ஒருவர். மற்றவர்கள் புது மூட்டை கொண்டுவந்து அடுக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். குட்டை நிரம்பி ஜல்லியைத் தாண்டித் தண்ணீர் ஏரிக்குள் இறங்கியது. செந்நிறமாகத்தான் போனது. நான் பயந்த அளவுக்குச் சிவப்பாக இல்லை.

மதியம் தெருவில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே வந்தது. ஆம்புலன்ஸ் உள்ளே வந்தது. சிஸ்டரின் கணவரைக் கட்டிலோடு சேர்த்துத் தூக்கி வெளியே கொண்டுவந்து, அப்புறம் ஸ்ட்ரெச்சருக்கு மாற்றினார்கள். அவரால் பேச முடியாது. வண்டியில் ஏற்றும்போது மழை முகத்தில் விழாமல் நான் குடை பிடித்தேன். அவர் கண்ணை மூடவில்லை. அவ்வளவு நேரம் கூரையைப் பார்த்திருந்தவர், அப்போது வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மழை விட்ட பிறகுதான் எங்கள் பக்கத்துச் சோதனை வந்தது. பள்ளத்தில் சேற்றுத் தண்ணீர் இடுப்பளவு நின்றது. அதை இறைத்தால்தான் வேலை ஓடும். பெரிய மோட்டார் வைத்து நேராக ஏரியில் விட்டால் சீக்கிரம் முடிந்துவிடும். சின்ன மோட்டார் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையில் விட்டு, தெளிய வைத்து அனுப்பினால் பல நாள் ஆகும். ஹெட் ஆபீஸ் முதல் வழியைத்தான் சொல்லும் என்று எனக்குத் தெரியும். சண்டைக்குத் தயாராகி மேனேஜர் ரூமுக்குப் போனேன். அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“இல்ல சார், பெரிய மோட்டார் காயில் போயிடுச்சு. ரிப்பேருக்கு அனுப்பியிருக்கோம். ஆமா சார். மழைல எல்லா கடையும் மூடியிருக்கு. சின்னதை வச்சுத்தான் ஓட்டணும்.”

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “என்ன மேடம் அப்படிப் பார்க்கிறீங்க?”

“பெரிய மோட்டார் நேத்து ஓடிச்சே சார்.”

“இன்னிக்கு ஓடாது” என்றார். வெளியே ஜே.சி.பி. அண்ணன் அதைக் கழற்றித் தார்ப்பாயில் மூடிக்கொண்டிருந்தார்.

எங்களால் எல்லாவற்றையும் தடுக்க முடியவில்லை. வெயில் அடித்ததும் கரைக்குப் போய்ப் பார்த்தேன். குட்டையின் தண்ணீர் இறங்கிய இடத்தில், விசிறி போலச் செம்மண் படிந்து, சம்பங்கோரையில் கால்வாசி சாய்ந்து கிடந்தது. தாழைக்கோழிகள் எதிர்க்கரைக்குப் போய்விட்டிருந்தன. பங்குனியில் தண்ணீர் வற்றியபோது அந்த மண்ணை எடுத்தோம். ஜே.சி.பி. இறக்கினால் கோரை வேரோடு போய்விடும் என்பதால் மண்வெட்டியும் பாண்டுச் சட்டியுமாகக் கையால் எடுத்தோம். தெருவிலிருந்தும் சிலர் வந்தார்கள்.

அந்த வேலைக்கு சிஸ்டர் வரவில்லை. அவர் கணவர் மாசி மாதம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். மழைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, வெகுநாள் நோய். நாற்பதாம் நாள் பூசைக்கு என்னையும் மேனேஜரையும் கூப்பிட்டிருந்தார். மேனேஜர் மகள் கல்யாணத்து வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்து, சர்ச்சில் எப்போது எழுவது எப்போது உட்காருவது என்று தெரியாமல் என்னைப் பார்த்துப் பார்த்து எழுந்தார். எனக்கும் தெரியாது. நான் முன் வரிசையைப் பார்த்து எழுந்தேன்.

பூசை முடிந்து வாசலில் நின்றபோது சிஸ்டர் சொன்னார்: “கடைசியில அந்தக் கட்டில்லயே போயிடுவாரோன்னு அன்னிக்குப் பயந்தேன். தண்ணியில கிடந்து போகல. சுத்தமான படுக்கையில, நான் கையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கும்போது போனார். அது போதும்.” பிறகு மேனேஜரைப் பார்த்து, மகள் எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தார்.

வடக்கு ஓரத்தில் போட்ட வழி நிரந்தரமாகிவிட்டது. நான் அனுப்பிய வரைபடத்துக்குப் பதில் வந்தது. கார் நிறுத்தும் இடத்தில் ஒரு வரிசை குறைந்தது. இரண்டு பக்கமும் கருங்கல் சுவர், அடியில் ஜல்லி, முடிவில் அந்தக் குட்டை, அதைச் சுற்றிக் கோரை நட்டோம். மேனேஜர் ஓய்வு பெறும் நாளில் கடைசியாக அந்தக் கால்வாயோரம் ஒரு தடவை நடந்துவிட்டுத்தான் போனார். நான் பெருங்களத்தூரில் வேறு சைட்டுக்கு மாற்றலானேன். அடுத்த மழைக்குச் சைட் பக்கம் போக முடியவில்லை. தெரு மூழ்கவில்லை என்று ஜே.சி.பி. அண்ணன் போனில் சொன்னார்.

குடியிருப்பில் ஆட்கள் வந்த பிறகு, கொசு வருகிறது, குழந்தைகள் விழுந்துவிடும், கால்வாயைச் சிலாப் போட்டு மூடிவிடலாம் என்று பேச்சு எழுந்தது. அதைச் சொன்னவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சின்னக் குழந்தை வைத்திருக்கிறவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கூட்டத்துக்குப் போய், மூடினால் உள்ளே தூர் சேர்வது தெரியாது, மேலே கம்பி வலை போடலாம், மழைக்கு முன் திறந்து சுத்தம் செய்யலாம் என்று சொன்னேன். நம்பிக்கை இல்லாமல் கேட்டார்கள். வலை போட்டார்கள். பாதி தூரத்துக்கு. மீதிக்கு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

போன மாதம் சிஸ்டர் கூப்பிட்டார். ரோட்டு வடிகாலை ஒருவழியாக முடித்து ஏரியோடு இணைத்துவிட்டார்களாம். நல்ல செய்திதான் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள், “நாத்தம் தாங்கலம்மா” என்றார். மழையே இல்லாத நாளிலும் அதில் கறுப்பாகத் தண்ணீர் வருகிறது, எந்த வீட்டுக்காரர்களோ கழிவுநீர்க் குழாயை ராத்திரியோடு ராத்திரியாக அதில் சொருகிவிட்டார்கள், அது நேராக ஏரிக்குப் போகிறது என்றார். வார்டு ஆபீசில் ஒரு மனு கொடுத்தாராம். போய்ப் பார்க்கிறோம் என்றார்களாம்.

“எந்த வீட்டுக் குழாய்னு தெரியுமா சிஸ்டர்?”

“தெரிஞ்சா நானே போய் அடைச்சிருப்பேனே. நீ வந்தா நடந்து பார்க்கலாம். மூடியைத் தூக்கிப் பார்க்க ஜே.சி.பி. தம்பியும் வர்றேன்னிருக்கான். உங்க மேனேஜருக்கும் போன் பண்ணினேன். ரிட்டயர் ஆகி சும்மாதானே இருக்கார்.”

“அவர் என்ன சொன்னார்?”

“கையுறை வாங்கிட்டு வர்றேன்னார். நீ எப்ப வர்ற?”

வரும் ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னேன். காலைப் பூசை முடிந்து வீட்டுக்கு வர எட்டரை ஆகும், அதற்கு முன்னால் வந்து வாசலில் நிற்காதே, வந்து இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்றார்.